கிழங்கு எங்கே?

பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை சீக்கிரம் காலியாகிவிடும். முகம் கடுகடுவென்று இருக்கும் என்பதல்ல காரணம். அவர் மேல் அந்துருண்டை வாசனை அடிக்கும். புடவையில் அடிக்கும், கைப்பையில் அடிக்கும், டிபன் டப்பாவைத் திறந்தால் அதிலும் அடிக்கும். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் அவருடைய கணவர், "நான் குடித்தனம் பண்றது வீட்டிலயா, பீரோவிலயான்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்று தைக்கக் கொடுக்க வருபவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் நேரில் மேடம். முதுகுக்குப் பின்னால் அந்துருண்டை அம்மாள். இரண்டுக்கும் அவர் திரும்பிப் பார்ப்பார்.

தாவர ஆய்வு நிலையத்தின் மாடியில், உலர்த்திய செடிகளை வைத்திருக்கும் காப்பகத்துக்கு அவர்தான் காப்பாளர். வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் கட்டுக்கட்டாகத் தடித்த தாள்கள். தாளுக்கு ஒரு செடி, அழுத்தி, காயவைத்து, நூலால் தைத்து ஒட்டியது. எங்கே, எப்போது, யார் பறித்தது என்று மூலையில் ஒரு சீட்டு. பூச்சி விழாமல் காப்பதும், கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததை இடத்தில் வைப்பதும் வேலை. எடுத்த தாளை எடுத்த இடத்தில் யாரும் வைப்பதில்லை என்பதுதான் இத்தனை வருடத்தில் அவர் கண்டறிந்த ஒரே இயற்கை விதி.

வருகிறவர்கள் பார்ப்பார்கள், அளப்பார்கள், ஊருக்குப் போய்ப் புதிய இனம் என்று எழுதுவார்கள். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்வார்கள். அப்படி வந்த நன்றிகளை வைத்து ஓர் அலமாரியை நிரப்பலாம். அம்மாளின் பெயரில் ஒரு செடி கூட இல்லை. வருட முடிவில் ஓய்வு.

ஆனால் ஒரு செடி இருந்தது. அதைக் கண்டுபிடித்ததற்கு முழங்காலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

போன மழைக்காலத்தில் மாணவர்கள் மலைக்காட்டுக்குப் போனபோது, அடையாளம் சொல்ல ஆள் வேண்டும் என்று அம்மாளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். ஏற்றத்தில் பாதியிலேயே வலது முழங்கால் கைவிட்டுவிட்டது. "நீங்க போங்க, நான் இப்படியே பின்னாலயே வரேன்" என்று பொய் சொல்லிவிட்டு ஒரு வேர் மேல் உட்கார்ந்தார். எதிரே ஒரு பெரிய மரம். அடிமரம் முழுக்கப் பச்சைப்பாசி, தண்ணீர் சொட்டச் சொட்ட. பாசியிலிருந்து மெல்லிய காம்புகள் நாலைந்து நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு பூ, பின்னால் வால் போல வளைந்த குழல். வீட்டுத் தோட்டங்களில் வளரும் காசித்தும்பையின் காட்டுச் சொந்தம்.

பூ பழக்கமான முகம்தான். அதே மலையில் முன்பே தெரிந்த ஓர் இனத்தின் பூ ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆனால் அதற்கு இலை மெல்லியது, ஓரமெல்லாம் ரம்பப் பல். இங்கே பூவுக்குக் கீழே பாசியோடு ஒட்டிக் கிடந்தவை வட்டமான, தடித்த, வெள்ளி மயிர் படர்ந்த இலைகள். அப்படி ஓர் இலை காப்பகத்தின் எந்த அலமாரியிலும் இல்லை. அம்மாளுக்கு அது தெரியும். தாள்களை இரவல் கேட்டு வந்தவர்களுக்குத் தெரியாவிட்டாலும் திருப்பி அடுக்கியவருக்குத் தெரியாதா?

எழுந்து நிற்க முடியாமல், மண்டியிட்டபடியே போய்ப் பிளேடால் அறுத்தார். அங்கேதான் தவறு நடந்தது. இந்தக் குடும்பத்தில் சில செடிகளுக்குத் தண்டு என்று ஒன்று கிடையாது. பாசிக்குள் பட்டாணி அளவில் ஒரு கிழங்கு இருக்கும். இலைகள் அதிலிருந்து தனியாக வரும், பூவின் காம்பு தனியாக வரும். முறைப்படி கிழங்கோடு பெயர்த்தெடுக்க வேண்டும். இருந்ததோ கைப்பிடி செடி. வேரோடு பிடுங்கினால் அடுத்த மழைக்கு ஒன்றும் மிஞ்சாது. பாவம் பார்த்து, பாசிக்கு மேலே இலையையும் பூவையும் மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பிறகு ஒரு வருடம் போனது தெரியவில்லை. இந்தப் பூவை உலர்த்துவதே பெரிய பாடு. இதழ்கள் ஈரத் தாளில் சர்க்கரை போலக் கரையும். தேறிய பூக்களைப் பிரித்து, அளந்து, பழைய தாள்களோடு ஒப்பிட்டு, படம் வரையச் சொல்லி, நிலையத் தலைவரையும் ஆசிரியராகச் சேர்த்து, ஆய்விதழுக்கு அனுப்பினார். பெயர் கூட வைத்தாயிற்று. நனைந்தது என்ற பொருளில் லத்தீனில் ஒரு சொல்.

பெயர் விஷயத்தில் வீட்டில் சண்டை. தையல்காரரின் அக்கா வந்திருந்தபோது விஷயம் வெளியே வந்தது.

"நனைஞ்சதா? அதுவா ஒரு பேரு? கொடியில காயப்போட்ட துணிக்கு வைக்கிற பேரு மாதிரி இருக்கு. என் தம்பி பேரை வையேன்."

"புருஷன் பேரை வைக்கிறது அவ்வளவு நல்லா இருக்காது, அண்ணி."

"ஏன், காலம் பூரா உன் வாசனையைச் சகிச்சவனாச்சே. பத்து நிமிஷம் உக்காந்திருக்கேன், எனக்கே மூக்கு எரியுது."

"விடுக்கா" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்தபடி. "என் பேரை வச்சா செடி ஒரு வாரம் லேட்டாப் பூக்கும். தைக்கக் கொடுத்தவங்களைக் கேட்டுப் பாரு."

அவர் வேடிக்கையாகப் பேசினாலும் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அளவெடுக்க நிற்பவர் கையைத் தூக்கினால் போதும், "எங்க வீட்ல ஒரு செடி கண்டுபிடிச்சிருக்காங்க, உலகத்துலயே புதுசு" என்று ஆரம்பித்துவிடுவார். பிடிமானம் இல்லாமல் கையைத் தூக்கி நிற்பவர் வேறென்ன செய்வார், கேட்டுக்கொள்வார்.

அடுத்த மழை தொடங்கிய சமயத்தில் ஆய்விதழின் மதிப்பீட்டாளரிடமிருந்து பதில் வந்தது. நல்ல பதில். படம் அருமை, ஒப்பீடு தெளிவு. இறுதியில் ஒரே ஒரு கேள்வி: மாதிரித் தாளில் கிழங்கு எங்கே? இலையும் பூவும் ஒரே கிழங்கிலிருந்து வருவதை நேரில் பார்த்தீர்களா?

அம்மாள் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிப் படித்தார். கேள்வி மாறவில்லை.

நிலையத் தலைவர் வயதில் சின்னவர். மாணவராக வந்த காலத்தில் அவருக்குத் தாள் எடுத்துக் கொடுத்ததே அம்மாள்தான். நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்:

"ஒரு வரிதானே மேடம். 'நேரில் பார்க்கப்பட்டது'ன்னு போட்டு அனுப்பிடுங்க. முடிஞ்சுது."

"நான் பார்க்கலையே சார்."

"பூவைப் பார்த்தீங்க, இலையைப் பார்த்தீங்க. ரெண்டும் ஒரே இடத்துல இருந்துது. பக்கத்து வீட்டுக்காரன் சட்டையையா போட்டிருக்கும் அது?"

"இருக்காதுதான்."

"பின்ன என்ன? யாரு மேடம் அந்த மழையில ஏறிப் போய்த் தோண்டிப் பார்க்கப் போறாங்க?"

அதுதான் உண்மை. யாரும் போகப் போவதில்லை. அம்மாள் தன் மேசைக்குத் திரும்பி அந்த வரியைத் தட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடித்ததை அழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலை ஏற வேண்டாம், ஜீப்புக்கு அலைய வேண்டாம், அட்டைக்கடி வேண்டாம். ஓய்வு பெறும்போது கையில் ஒரு செடி இருக்கும். இந்த ஒரு வரிக்கு எதிராகச் சொல்ல அவரிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அது மூன்றாவது அலமாரியில் இருந்தது.

எப்போதோ செத்துப்போன ஒரு சேகரிப்பாளர் ஒட்டிய தாள் அது. இலை ஒரு செடியுடையது, பூ இன்னொன்றுடையது. அவசரத்தில் சேர்ந்துவிட்டன. அதைப் புதிய இனம் என்று அவர் எழுதியும் விட்டார். அப்புறம் வந்தவர்கள் அந்தச் செடியைத் தேடித் தேடிக் காடெல்லாம் அலைந்தார்கள். கிடைத்தால்தானே! தாளின் ஓரத்தில் ஆளாளுக்குத் திருத்தச் சீட்டு ஒட்டியிருந்தார்கள். இது அதுவல்ல, அதுவும் இதுவல்ல, மன்னிக்கவும் முந்தையவர் சொன்னது தவறு என்று தலைமுறை தலைமுறையாக மரியாதையாகச் சண்டை. தாளில் செடியை விடச் சீட்டு அதிகம். பூச்சி பார்க்கும் ஒவ்வொரு முறையும் அம்மாள் அந்த மனிதரை ஒரு வார்த்தை திட்டாமல் கட்டை மூடியதில்லை.

நாளைக்கு இந்த மேசையில் வேறொரு பெண் உட்காருவாள். அவளும் திட்டுவாள். இன்னும் நல்ல வார்த்தையாகக் கூடத் தெரிந்து வைத்திருப்பாள்.

வரியை அழித்தார்.

"முழங்கால் பட்டை எங்கங்க?" என்று வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார்.

தையல்காரர் மெஷினை நிறுத்தினார். "மறுபடியுமா? போன தடவை நீ இறங்கி வந்தப்ப உன்னை நான் மடிச்சு எடுத்து வச்சேன், ஞாபகம் இருக்கா?"

"ஒரே ஒரு நாள்தான்."

"போறதுக்கு ஒரு நாள். வலிக்கு ஒரு மாசம்." சொல்லிக்கொண்டே பழைய பட்டையைத் தேடி எடுத்து, உள்ளே இன்னொரு மடிப்புத் துணி வைத்துத் தைக்க ஆரம்பித்துவிட்டார்.

கிளம்பும்போது அவருடைய மேசையிலிருந்து, தையல் பிரிக்கும் கவட்டை முள்ளை அம்மாள் எடுத்துக்கொண்டார். பாசியைப் பிரிக்க அதைவிட நல்ல கருவி நிலையத்தில் கிடையாது.

சோதனைச் சாவடியில் காட்டுக்காவலர் காத்திருந்தார். எந்தக் காட்டுக்குப் போனாலும் பெரிய கறுப்புக் குடையோடு போவதால் அவருக்குக் குடைக்காரர் என்றே பெயர். அடர்ந்த மரங்களுக்கு நடுவே அதை விரிக்கவே முடியாது. ஆனாலும் கொண்டுவருவார்.

"பூ பறிக்கவா மேடம்?"

"இல்ல, பார்க்க."

"பார்க்கவா? போன வருஷமே பார்த்தீங்களே."

"சரியாப் பார்க்கல."

குடைக்காரர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னே நடந்தார். மழை விடவில்லை. ஏற்றம் முழுக்கச் சேறு. நாலு எட்டு வைப்பது, நிற்பது, காலிலிருந்து அட்டையைப் பிடுங்குவது, மறுபடி நாலு எட்டு. அம்மாளுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் குடைக்காரர் தன் ஷூ நாடாவைக் கட்டினார். அன்று அந்த நாடா எத்தனை முறை அவிழ்ந்தது என்று சொல்ல முடியாது. மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மலை ஏறிய மாதிரியே இல்லை. மலை தன் மேல் ஏறி இறங்கிய மாதிரி இருந்தது அம்மாளுக்கு.

போன வருடம் உட்கார்ந்த வேர் அங்கேயே இருந்தது. எதிரே பூக்கள். அறுத்துவிட்டுப் போனவை மறுபடி வந்திருந்தன, அவர் நினைத்தது போலவே. ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.

மண்டியிட்டு, லென்ஸைக் கண்ணில் வைத்து, கவட்டை முள்ளால் பாசியை இழை இழையாகப் பிரித்தார். பழைய சட்டையில் தையல் விடுவிப்பது போலத்தான், இழுத்தால் கிழியும். ஒரு பூங்காம்பைப் பிடித்துக்கொண்டு கீழே கீழே போனார். அடியில் உருண்டையாக ஒரு கிழங்கு. அதிலிருந்து பூங்காம்பு மேலே போனது. பக்கத்தில் சின்னச் சின்னக் குச்சிகளாக இரண்டு மூன்று. இலைக்காம்புகள்தான். நுனியில் இலை இல்லை. கடித்த தடம்.

அடுத்து வெள்ளி மயிர் இலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அது சாய்வாகப் போய், பாசிக்குள் ஒளிந்திருந்த வேறொரு கிழங்கில் முடிந்தது. தட்டையான, பொத்தான் போன்ற கிழங்கு. அதிலிருந்து இலைகள் மட்டும்தான் வந்தன. பூ இல்லை, மொட்டு இல்லை, பூத்து உதிர்ந்த தழும்பும் இல்லை.

பக்கத்துக் கொத்தைப் பிரித்தார். அதிலும் அப்படியே. அதற்கடுத்த கொத்தில் ஒரு பூச்செடிக்கு அரை இலை மிச்சமிருந்தது. மெல்லிய இலை, ஓரத்தில் ரம்பப் பல். அதன் மேல் ஒரு நத்தை, கொம்பை நீட்டிக்கொண்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விஷயம் அவ்வளவுதான். பூ பழைய இனத்துடையது. அதன் இலைகளை நத்தைகள் தின்றுவிட்டன. தடித்த வெள்ளி இலைகளை நத்தைகள் தொடவில்லை; அந்த இலைகள் பக்கத்துக் குடித்தனம், வேறு செடி. போன வருடமும் இதுதான் நடந்திருக்கும். கிழங்கோடு ஒரு செடியைப் பிடுங்கியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"கிடைச்சுதா மேடம்?" என்றார் குடைக்காரர்.

"கிடைச்சுது. ரெண்டு கிடைச்சுது."

"அப்ப டபுள் சந்தோஷம்!"

"ஒண்ணு பழசு. இன்னொண்ணு பூக்கலை."

"பூக்கலைன்னா?"

"பூ இல்லாம இது எந்தச் செடின்னு யாராலயும் சொல்ல முடியாது. பேர் வைக்கவும் முடியாது."

குடைக்காரர் நத்தையைக் குனிந்து பார்த்தார். "இத்தனூண்டு இருந்துக்கிட்டு இது இவ்வளவு வேலை பண்ணுமா?" என்று சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, குடையை விரித்து அம்மாளுக்கு மேலே பிடித்தார். இரண்டு கிளையில் சிக்கியது. பிடித்துக்கொண்டே நின்றார். அம்மாள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவுமில்லை.

திரும்பும் முன் வெள்ளி இலைக் கிழங்கு ஒன்றைப் பாசியோடு எடுத்து டப்பாவில் வைத்துக்கொண்டார். மேலும் கீழும் பாறைகளில் அது ஏராளமாக இருந்தது. பூவையே பார்த்துக்கொண்டிருந்ததால் போன வருடம் பாறைகள் பக்கம் கண் போகவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரன் சட்டைதான் சார்" என்றார் மறுநாள் தலைவரிடம்.

தலைவர் சுழலும் நாற்காலியை நிறுத்தினார். நல்லவேளை என்று சொல்ல வாயெடுத்து, அம்மாளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கட்டுரையைத் திரும்பப் பெற இரண்டே வரி எழுத வேண்டியிருந்தது. சேர்ப்பதை விட எடுப்பது சுலபம். டப்பாவில் இருந்ததை வளர்க்க அம்மாள் நிலையத்தின் கண்ணாடி வீட்டில் இடம் கேட்டார். கூரை ஒழுகுகிறது, வீட்டுக்கே எடுத்துப் போங்கள் என்று தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தெருவில் சேதியைத் திரும்பப் பெறுவதுதான் கஷ்டம். தையல்காரர் கொஞ்ச நாள் அளவெடுக்கும்போது பேசாமல் இருந்தார். யாராவது கேட்டால், "ஆல்டரேஷன்ல இருக்கு" என்றார்.

செடி ஊறுகாய் ஜாடி ஒன்றில், குளியலறை ஜன்னலில் குடியேறியது. வீட்டில் எப்போதும் ஈரமாக இருப்பது அந்த இடம்தான். அக்கா வந்தபோது அதையும் விடவில்லை.

"இதுக்கா மலை ஏறுனே? பூ இல்ல, வாசனை இல்ல. குளிக்கப் போனா முறைச்சுப் பார்க்குது."

"இருக்கட்டும் அண்ணி. அதுக்கும் போக்கிடம் இல்ல."

வருடம் முடிந்தது. ஓய்வு நாளன்று மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். சால்வையை வாங்கிய கையோடு அம்மாள் அதில் ஓர் அந்துருண்டையை வைத்து மடித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சாவியைப் புதிய பெண்ணிடம் கொடுத்தார். மூன்றாவது அலமாரியின் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். "இவரைத் திட்டிக்கோ. உடம்புக்கு நல்லது" என்றார்.

வீட்டில் இருக்கப் பழகுவது இன்னொரு வேலையாக இருந்தது. காலையில் எழுந்து எங்கும் போக வேண்டாம் என்று நினைத்தாலே அசதி வந்தது. குளிர் நன்றாக இறங்கிய ஒரு காலை, முகம் மழிக்கப் போன தையல்காரர் குளியலறையிலிருந்து கத்தினார்.

"ஏய், இங்க வா! உன் செடி ஏதோ துப்பியிருக்கு!"

அம்மாள் மெதுவாகத்தான் போனார். வெள்ளி இலைகளுக்கு நடுவிலிருந்து விரல் உயரத்துக்கு ஒரு காம்பு. அதன் நுனியில் பச்சையுமில்லாத வெள்ளையுமில்லாத ஒரு பூ. அரிசியை விடக் கொஞ்சம் பெரிது. யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து லென்ஸை வைத்தார். அதே காசித்தும்பைக் குடும்பம்தான். ஆனால் வால் இல்லை. கீழிதழ் உள்ளே மடிந்து படகு போல இருந்தது. உள்ளே ஊதா நிறத்தில் இரண்டு கோடு. அலமாரிகளை ஒவ்வொன்றாக மனதில் திறந்து பார்த்தார். கடைசி அலமாரி வரை. இல்லை.

மழையில் எல்லோரும் மலைக்குப் போகிறார்கள், மற்றதெல்லாம் அப்போதுதான் பூக்கிறது. இது குளிரில், யாரும் வராதபோது பூக்கிறது. அதனால்தான் யாரும் பார்க்கவில்லை.

"என்ன, புதுசா?" என்றார் கணவர், பாதி முகத்தில் நுரையோடு.

"ஐயோ" என்றார் அம்மாள்.

"என்ன ஐயோ? நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தாங்க. ஆனா ஜாடியில பூத்ததை மட்டும் வச்சு எழுத முடியாது. காட்டுல எப்படிப் பூக்குது, எத்தனை பூ, எவ்வளவு உசரம், எல்லாம் பார்க்கணும்." முழங்காலை நீட்டித் தடவிக்கொண்டார். "மறுபடியும் ஏறணும்."

தையல்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். மழிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு முன்னறைக்குப் போனார். மேசை இழுப்பறையை உருட்டும் சத்தம் கேட்டது.

தலைவருக்குப் போன் போட்டார் அம்மாள். "அனுமதிக்கு நானே எழுதறேன் மேடம். கூட மட்டும் வரச் சொல்லாதீங்க, எனக்கு அட்டைன்னா பயம்" என்றார் அவர். குளிரில் அட்டை இருக்காது என்று அம்மாள் சொல்லவில்லை. அடுத்தது குடைக்காரர்.

"ரிட்டையர் ஆயிட்டீங்கன்னாங்களே மேடம்? திரும்பவும் பார்க்கவா?"

"இல்ல. எடுக்க. ஒண்ணே ஒண்ணு, கிழங்கோட, முழுசா."

"சரி. குடை எடுத்துட்டு வரேன்."

"இப்ப ஏதுப்பா மழை?"

"அது எனக்கும் தெரியும் மேடம்."

முன்னறையில் மெஷின் ஓட ஆரம்பித்தது. பட்டைக்கு இன்னொரு மடிப்பு.